வக்கீல் ஓட்டிய மீன்பிடிக் கப்பல்

நீராவி இஞ்சினோடு வேலை செய்தவனை ஒரு பழக்கம் கடைசிவரை விடாது. எங்கே புகையைக் கண்டாலும் அதன் நிறத்தைப் பார்ப்பான். கறுப்பாக வந்தால் ஃபயர்மேன் அதிகக் கரி போட்டுவிட்டான்; வெள்ளையாக வந்தால் காற்று அதிகம்; லேசான சாம்பல் நிறத்தில் வந்தால் ஆள் தேர்ந்தவன். 1978-ல் டிப்ளமா சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வங்காளத்து லோகோ ஷெட் ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது என் முதல் ஃபோர்மன் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. நீராவி இஞ்சின்களும் போய்விட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை.

இரண்டாம் உலகப் போரின் கப்பல் அணிகளைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதும் இந்தப் பழக்கத்தால்தான். அதில் ஒரு சம்பவத்தில், நாலு கப்பல்களின் உயிர் புகை வெளியே வராமல் இருப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாலில் மூன்று பெரிய சரக்குக் கப்பல்கள். நாலாவது, அவற்றைக் காப்பாற்ற வேண்டிய போர்க்கப்பல். போர்க்கப்பல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது ஒரு மீன்பிடிக் கப்பல். பெயர் அயர்ஷயர். அதன் தலைவர் லியோ கிராட்வெல் தொழிலால் ஒரு வக்கீல்.

டிராலர் என்றால் நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மடி வலையைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் விசைப்படகு. நான் நாகையில் பிறந்தவன், சின்ன வயதில் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் பிரிட்டிஷ்காரர்களின் டிராலர் நம்முடையதைப்போல நாலைந்து மடங்கு நீளம். கிரிம்ஸ்பி, ஹல் ஆகிய துறைமுகங்களிலிருந்து கிளம்பி ஐஸ்லாந்தையும் தாண்டி வட துருவ வட்டத்துக்குள் போய், வாரக்கணக்கில் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும். நானூறு, ஐநூறு டன் எடை. கரி எரியும் கொதிகலன், மும்முறை விரிவு நீராவி இஞ்சின், ஒரே புரொப்பெல்லர். அந்தக் கடலின் அலைகளுக்கு ஈடுகொடுக்கவே கட்டியது, ஆகையால் குப்புறக் கவிழாது. ஆனால் உள்ளே இருப்பவன் குடலைப் பிடுங்கி எடுத்துவிடும்.

1939-ல் போர் வெடித்தபோது பிரிட்டிஷ் கடற்படையிடம் பெரிய கப்பல்கள் ஏராளம். நீர்மூழ்கிகளை விரட்டும் சிறு கப்பல்கள்தான் பற்றாக்குறை. புதிதாகக் கட்ட நேரமில்லை. மீன்பிடிக் கம்பெனிகளின் டிராலர்களை வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். மீன் கிடங்கைக் கழுவிவிட்டு ஆட்கள் தூங்க இடம் செய்தார்கள். முன்பக்கம் ஒரு நாலு அங்குலத் துப்பாக்கி, பின்பக்கம் ஆழ்வெடிகளை உருட்டிவிடும் சட்டங்கள், அடிப்பாகத்தில் ஆஸ்டிக் என்ற ஒலிக் கருவி. ஆட்களும் பெரும்பாலும் அதே மீனவர்கள்தான். லோஸ்டாஃப்ட் என்ற ஊரில் பொதுமக்கள் பொழுதுபோக்கும் பூங்கா ஒன்று இருந்தது, 'குருவிக் கூடு' என்று பொருள்படும் பெயர். அதுதான் இவர்களுடைய படைத் தலைமையகம். மற்ற கடற்படையினர் இவர்களை 'ஹாரி டேட்டின் கடற்படை' என்று கேலி செய்வார்கள். ஹாரி டேட் மேடையில் உதிர்ந்து விழும் மோட்டார் காரை வைத்துக்கொண்டு சிரிப்புக் காட்டிய நடிகர். அந்தக் கேலிப் படையில் கடலோடு போய், புதைக்க உடல்கூடக் கிடைக்காதவர்கள் ஏறத்தாழ 2400 பேர். அவர்கள் பெயர்கள் லோஸ்டாஃப்ட் நினைவுத் தூணில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொரு வேடிக்கை. அயர்ஷயரோடு கூடப் போன டிராலர்களில் நார்தர்ன் ஜெம் என்று ஒன்று. அது 1936-ல் கட்டப்பட்டது, ஜெர்மனியில், பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில்! ஜெர்மனியில் முடங்கிக் கிடந்த ஒரு கம்பெனியின் பணத்தை ஹிட்லர் அரசு வெளியே விடாததால், பணத்துக்குப் பதிலாகக் கப்பல்களாகக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மன் தொழிலாளி அடித்த ரிவெட், ஜெர்மன் நீர்மூழ்கியை வேட்டையாடப் போனது.

வேட்டை எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் டிராலரின் பலவீனம் அதில்தான் தெரியும். ஆஸ்டிக் கருவி தண்ணீருக்குள் 'டிங்' என்று ஓர் ஒலித் துடிப்பை அனுப்பும். வழியில் நீர்மூழ்கி இருந்தால் எதிரொலி வரும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். ஆகவே எதிரொலி வர இரண்டு விநாடி ஆனால் எதிரி 1500 மீட்டர் தூரத்தில் இருக்கிறான் என்று கணக்கு. கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்க்கிற வித்தைதான். ஆனால் கப்பல் மிக அருகே போனதும் எதிரொலி மறைந்துவிடும். ஒலிக்கற்றை நீர்மூழ்கியின் தலைக்கு மேலே போய்விடுகிறது. கடைசி நூறு இருநூறு மீட்டர் குருட்டாட்டம். அந்தக் குருட்டாட்டத்தில் உத்தேசமாக ஆழ்வெடியைப் போட வேண்டும். அது எண்ணெய் டின் போன்ற உருளை. உள்ளே 130 கிலோ வெடிமருந்து. நீர் அழுத்தம் குறிப்பிட்ட அளவை எட்டியதும் வெடிக்கும். இந்த ஆழத்தில் வெடி என்று ஒரு சாவியால் திருகி வைக்கலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆழ்வெடி விநாடிக்குப் பத்து அடி வீதம் மூழ்கும். ஐம்பது அடியில் வெடிக்கத் திருகினால் ஐந்து விநாடி. டிராலரின் உச்ச வேகம் சுமார் 12 நாட், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். நம் பழைய கிளைப்பாதை பாசஞ்சர் இதைவிட வேகமாக ஓடும். ஐந்து விநாடியில் கப்பல் முப்பது மீட்டர்தான் நகர்ந்திருக்கும். 130 கிலோ வெடிமருந்து தன் பின்புறத்துக்கு முப்பது மீட்டரில் வெடிக்கிறது! டெஸ்ட்ராயர் முப்பது நாட்டில் பறந்துவிடும். டிராலர்காரன் தன் குண்டில் தானே ஆடவேண்டும். அதோடு ஜெர்மன் நீர்மூழ்கி கடல்மட்டத்தில் 17 நாட் ஓடும். திருடன் சைக்கிளில், போலீஸ் நடையில் என்கிற கதை. இப்படிப்பட்ட கப்பலைத்தான் ஆர்க்டிக் கடலுக்கு அனுப்பினார்கள்.

1942 ஜூன் 27 அன்று ஐஸ்லாந்தின் ஹ்வால்ஃப்யோர்டிலிருந்து 35 சரக்குக் கப்பல்கள் கிளம்பின. அணியின் பெயர் பி.க்யூ. 17. சோவியத் ரஷ்யா ஜெர்மானியரோடு வாழ்வா சாவா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கப்பல்களில் 594 டாங்கிகள், 297 விமானங்கள், 4246 லாரிகளும் பிற வண்டிகளும், இவை போக ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு. போகவேண்டிய இடம் ஆர்க்காஞ்சல். பாதையோ நார்வேயின் வடமுனையைச் சுற்றி. நார்வே ஜெர்மானியர் கையில். ஆகவே கப்பல்கள் எவ்வளவு வடக்கே போக முடியுமோ அவ்வளவு வடக்கே, பனிப்பாறை விளிம்பை உரசிக்கொண்டு போகவேண்டும். ஜூலை மாதம் அங்கே சூரியன் அஸ்தமிப்பதில்லை. ஒளிந்துகொள்ள இருட்டு என்று ஒன்று கிடையாது.

இரண்டு கப்பல்கள் தொடக்கத்திலேயே சேதமடைந்து திரும்பிவிட்டன. மற்றவை ஒழுங்காக வரிசை பிடித்துப் போயின. ஜாக் புரூம் என்ற கமாண்டரின் கீழ் ஆறு டெஸ்ட்ராயர்கள், கார்வெட்டுகள், விமான எதிர்ப்புக் கப்பல்கள், நாலு டிராலர்கள் காவல். சற்றுத் தள்ளி நாலு குரூஸர்கள். அணியோடு இரண்டு பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளும் உண்டு. எதிரியின் பெரிய போர்க்கப்பல் தாக்க வந்தால் நாங்கள் தண்ணீருக்கு மேலேயே இருக்கப்போகிறோம் என்று ஒரு நீர்மூழ்கி புரூமுக்குச் செய்தி அனுப்ப, நானும் அப்படியே இருக்கத்தான் விரும்புகிறேன் என்று அவர் பதில் அனுப்பினாராம்.

பெரிய போர்க்கப்பல் என்றால் டிர்பிட்ஸ். நாற்பதாயிரம் டன்னுக்கு மேல், 15 அங்குலப் பீரங்கி எட்டு. அது நார்வேயில் நங்கூரமிட்டு நின்றது. லண்டனில் கடற்படைத் தலைவர் அட்மிரல் டட்லி பவுண்டுக்கு ஒரே கவலை, அது கிளம்பிவிட்டதா என்பதுதான். உளவுப் பிரிவில் இருந்த நார்மன் டென்னிங் என்ற அதிகாரி, கிளம்பவில்லை என்றே கருதினார். ஆனால் கிளம்பவில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா என்றால் யாரால் செய்ய முடியும்? ஜூலை 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரத்துக்குள் மூன்று தந்திகள் பறந்தன. முதலாவது, குரூஸர்கள் அதிவேகமாக மேற்கே திரும்பவேண்டும். இரண்டாவது, அணி கலைந்து ரஷ்யத் துறைமுகங்களுக்குப் போகவேண்டும். மூன்றாவது, சிதறவேண்டும்.

கலைவதற்கும் சிதறுவதற்கும் வித்தியாசம் உண்டு. சிதறு என்றால், எதிரி கண்ணுக்குத் தெரிகிறான், ஆளுக்கொரு திசையில் ஓடு என்று அர்த்தம். மூன்று தந்திகளையும் அடுத்தடுத்துப் படித்த புரூம், டிர்பிட்ஸின் கொடிமரம் எந்த நிமிஷமும் அடிவானத்தில் தெரியும் என்றே நினைத்தார். குரூஸர்களோடு சேர்ந்து சண்டை போடத் தம் ஆறு டெஸ்ட்ராயர்களையும் அழைத்துக்கொண்டு போனார். பயந்து ஓடவில்லை, சாகத் துணிந்துதான் போனார். பிற்காலத்தில் ஒரு புத்தகம் அவரைக் குற்றவாளியாகக் காட்டியபோது வழக்குப் போட்டு, 1970-ல் 40,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். டிர்பிட்ஸோ மறுநாள்தான் கிளம்பியது, அன்றே திரும்பியும் விட்டது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

சிதறு என்ற கட்டளை முட்டாள்தனமா? அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. எதிரே ஒரு பெரிய பீரங்கிக் கப்பல் வந்தால் சிதறுவதுதான் சரி. ஒரே கப்பல் ஒரே நேரத்தில் முப்பது திசையில் துரத்த முடியாது. பத்து அகப்பட்டாலும் இருபது பிழைக்கும். ஆனால் நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் எதிராகக் கணக்கே தலைகீழ். பரந்த கடலில் ஒன்றாகச் சேர்ந்து போகும் முப்பது கப்பல்களைக் கண்டுபிடிப்பதும் ஒரே ஒரு கப்பலைக் கண்டுபிடிப்பதும் எதிரிக்கு ஏறக்குறைய ஒரே கஷ்டம்தான். கண்டுபிடித்தாலும் சுற்றிலும் காவல். சிதறிவிட்டாலோ முப்பது தனித்தனிக் கப்பல்கள், முப்பது சந்தர்ப்பங்கள், ஒன்றுக்கும் காவல் இல்லை. பவுண்ட் எழுதிய மருந்துச்சீட்டு சரியானது, வியாதிதான் வேறு. அடுத்த சில நாட்களில் ரேடியோவில் வரிசையாக அபயக் குரல்கள். துணைக் கப்பல்களையும் சேர்த்து 24 முழுகின. 153 வணிக மாலுமிகள் இறந்தார்கள். 430 டாங்கிகளும் 210 விமானங்களும் கடலுக்குப் போயின.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஒரு மழைக்கால இரவு. ஒரு கிளைப்பாதையில் பாசஞ்சர் வண்டி ஒன்று சின்ன ஸ்டேஷனில் நின்றுவிட்டது. முன்னே கரை அரித்துப் போயிருந்தது. இஞ்சினில் ஏதோ கோளாறு என்று என்னை அனுப்பியிருந்தார்கள், சரிசெய்து கொண்டிருந்தேன். கண்ட்ரோலிலிருந்து போன்: பின்பக்கப் பாதையும் போய்விடலாம், கல் வண்டி இழுக்க இஞ்சின் வேண்டும், பெட்டிகளை விட்டுவிட்டு இஞ்சினை மட்டும் லூப்பில் சுற்றிக்கொண்டு திரும்பி வா. நியாயமான உத்தரவு. டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கப்ளிங்கைக் கழற்றும்போது பெட்டிகளில் விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. பழைய பெட்டிகளில் வண்டி ஓடினால்தான் பாட்டரி ஏறும். ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆப்னியோ ஜாச்சேன்?" என்று கேட்டார். நீங்களும் போகிறீர்களா என்று. அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. மறுநாள் மத்தியானம் எல்லோரையும் பத்திரமாக வேறு வழியில் அழைத்துப்போனார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மீது குற்றமும் இல்லை. ஆனால் டெஸ்ட்ராயர்கள் திரும்பிப் போவதைச் சரக்குக் கப்பல்காரர்கள் மேல்தளத்தில் நின்று பார்த்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் அந்தப் பெரியவரின் தலை எனக்குத் தெரிகிறது.

கிராட்வெல்லுக்கும் உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது. டிராலர்கள் தனித்தனியாக ஆர்க்காஞ்சலுக்குப் போகவேண்டும். போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவர் நிரந்தரக் கடற்படை அதிகாரி அல்ல. தன்னார்வ ரிசர்வ் படையின் லெப்டினன்ட். வடக்கு இங்கிலாந்துக் கோர்ட்டுகளில் வாதாடிய பாரிஸ்டர், பாய்மரப் படகு ஓட்டுவது பொழுதுபோக்கு. அந்தக் கடலுக்கான சரியான வரைபடங்கள் அவரிடம் இல்லை. இருந்தது ஒரு செக்ஸ்டன்ட்டும், டைம்ஸ் பத்திரிகையின் கையடக்க அட்லஸும். அதோடு துருவத்துக்கு அருகே காந்தத் திசைகாட்டியும் ஒழுங்காக நிற்காது.

அவர் செய்தது இது: எல்லோரும் கிழக்கேயும் தெற்கேயும் ரஷ்யாவை நோக்கி ஓடும்போது, ஜெர்மானியரும் அங்கேதான் தேடுவார்கள். ஆகவே வடக்கே போ. வழியில் அயர்ன்கிளாட், ட்ரூபடூர், சில்வர் ஸ்வார்ட் என்ற மூன்று கப்பல்கள் தனித்தனியே திகைத்துக்கொண்டு போவதைக் கண்டார். முதலும் கடைசியும் அமெரிக்கக் கப்பல்கள்; ட்ரூபடூர் பனாமாக் கொடி பறக்க, நார்வே கேப்டனின் கீழ் ஓடியது. மூன்றையும் தம் பின்னால் வரச் சொன்னார். ஹோப் தீவை நோக்கிப் போய், பனிப்பாளம் எதிர்ப்பட்டதும், ஐநூறு சொச்சம் டன் டிராலர் முன்னே வழி தேட, அதைப்போல் பத்து மடங்கு பெரிய கப்பல்கள் மூன்றும் பின்னே நுழைந்தன. ஏறத்தாழ 20 மைல் உள்ளே. அதற்குமேல் நகர முடியவில்லை.

பனிக்குள் நீர்மூழ்கி வராது. ஆனால் விமானம் வரும். வெள்ளைத் துணியில் நாலு கரும்புள்ளி போல் மேலிருந்து தெரியும். ட்ரூபடூரில் வெள்ளைப் பெயின்ட் இருந்தது. எல்லோரும் பிரஷ்ஷும் துடைப்பமுமாகப் புறப்பட்டார்கள். சமையற்காரன் முதல் அதிகாரி வரை சில மணி நேரத்தில் கப்பல்களை வெள்ளையடித்தார்கள். பெயின்ட் அடிக்க முடியாத இடங்களில் படுக்கை விரிப்பையும் மேஜை விரிப்பையும் விரித்தார்கள். ட்ரூபடூரின் மேல்தளத்தில் ரஷ்யாவுக்குப் போகவேண்டிய டாங்கிகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. முத்திரையை உடைத்து, அவற்றின் பீரங்கிகளில் குண்டு போட்டுத் தயாராக வைத்தார்கள். சரக்கைத் தொடுவது விதிக்குப் புறம்பு. அன்றைக்கு விதியை யார் பார்த்தார்கள்?

இனிதான் புகை. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் புத்தகங்களில் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள்: இஞ்சினை நிறுத்தி நெருப்பைத் தணித்தார்கள் என்று. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பது கொதிகலனோடு இரவு கழித்தவனுக்குத் தெரியும்.

தெளிந்த ஆர்க்டிக் காற்றில் ஒரு புகைத் தூண் முப்பது நாற்பது மைலுக்குத் தெரியும். கப்பல் அடிவானத்துக்குக் கீழே இருந்தாலும் புகை அடிவானத்துக்கு மேலே நிற்கும். சரி, நெருப்பை அணைத்துவிடலாம் என்றால் அங்கேதான் சிக்கல். டிராலரில் இருந்த ஸ்காட்ச் கொதிகலன் என்பது பெரிய பீப்பாய்; டன் கணக்கில் தண்ணீர். எங்கள் லோகோ கொதிகலனையே ஜில்லிட்ட நிலையிலிருந்து நீராவிக்குக் கொண்டுவர நாலைந்து மணி நேரம் வேண்டும். ஸ்காட்ச் கொதிகலனுக்கு ஏறக்குறைய ஒரு நாள். அவசரப்பட்டால் தகடுகள் ஒரே சீராக விரியாமல் மூட்டுகள் கசியும். பனி நகர்ந்து கப்பலை நசுக்க வந்தாலும், எதிரி வந்தாலும், ஒரு நாள் கழித்து வா என்று சொல்ல முடியுமா? அதுவும் இல்லாமல், வெளியே உறையும் குளிர். நெருப்பு முழுக்கப் போய்விட்டால் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்கும்.

ஆகவே அணைக்கவும் கூடாது, எரியவும் கூடாது. இதற்குத்தான் நெருப்பை 'பாங்க்' செய்வது என்று பெயர். கனலையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கி, அதன்மேல் ஈரக் கரித்தூளைப் போர்த்தி, சாம்பல் கதவையும் காற்று வழியையும் மூடிவிட வேண்டும். உள்ளே கனல் மூச்சுத் திணறிக்கொண்டு உயிரோடு இருக்கும். நம் பாட்டிமார் இரவில் அடுப்புக் கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் ஊதிப் பற்றவைப்பார்களே, அதேதான். ஆனால் சும்மா போர்த்திவிட்டுப் போய்த் தூங்க முடியாது. கொஞ்சம் காற்று அதிகமானால் புது கரி பற்றிக் கரும்புகை குபுக்கென்று கிளம்பும். கொஞ்சம் குறைந்தால் கனல் செத்துவிடும். ஷெட்டில் ஒரு இஞ்சினை இரவு முழுதும் பாங்க் செய்து வைக்கச் சொன்னால் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அப்படியும் விடியற்காலையில் ஃபோர்மனிடம் திட்டு வாங்குவான், நான் வாங்கியிருக்கிறேன். அயர்ஷயரின் ஸ்டோக்கர்கள் ஏறத்தாழ இரண்டு நாள் இதைச் செய்தார்கள். அவர்களில் ஒருவன் கண்ணயர்ந்திருந்தால் நாலு கப்பல் போயிருக்கும். அவர்கள் பெயர்களை எந்தப் புத்தகமும் பெரிதாகச் சொல்வதில்லை. கிராட்வெல்லுக்குப் பதக்கம் கிடைத்தது, நியாயம்தான். ஆனால் என் ஓட்டு அந்த ஸ்டோக்கர்களுக்கு.

எதிரி விமானங்கள் தெற்கே மற்றக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. இவர்களை யாரும் பார்க்கவில்லை.

பிறகு பனியிலிருந்து மெல்ல வெளியே வந்து, கிழக்கே நோவயா ஸெம்லியா என்ற நீண்ட தீவுகளை அடைந்தார்கள். அந்தத் தீவுகளை இரண்டாகப் பிளக்கும் மாட்டோச்கின் ஜலசந்தியில் ஒதுங்கினார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. சரக்குக் கப்பல் கேப்டன்களும் மாலுமிகளும் ஒடிந்துபோயிருந்தார்கள். பலமான காவல் இல்லாமல் இனி ஓர் அடி எடுத்துவைக்க இவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று கிராட்வெல் ஆர்க்காஞ்சலில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். வக்கீல் அல்லவா, கட்சிக்காரரின் நிலையை மறைக்காமல் எழுதிவிட்டார். அதைக் கோழைத்தனம் என்று நான் எண்ணவில்லை. ஒருமுறை கைவிடப்பட்டவன் இரண்டாம் முறை உத்தரவாதம் கேட்பான்.

அணியின் கமடோர் ஜாக் டௌடிங் தாமே கப்பலை இழந்து, படகில் மிதந்து தப்பி, ஆர்க்காஞ்சல் வந்து சேர்ந்தவர். மூச்சு வாங்குவதற்குள் மூன்று கார்வெட்டுகளோடு திரும்பக் கிளம்பி, நோவயா ஸெம்லியாவின் கரையோரம் பதுங்கிக் கிடந்த கப்பல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். அயர்ஷயரும் அதன் மூன்று குஞ்சுகளும் அந்தச் சிறு அணியில் சேர்ந்து, ஜூலை 25 வாக்கில் ஆர்க்காஞ்சல் போய்ச் சேர்ந்தன. ஆர்க்காஞ்சலை எட்டிய கப்பல்கள் மொத்தமே பதினொன்றுதான். அதில் மூன்றை ஒரு மீன்பிடிக் கப்பல் கொண்டுவந்தது.

சில்வர் ஸ்வார்டின் ஆயுள் அதற்குமேல் நீளவில்லை. அதே வருடம் செப்டம்பர் 20 அன்று, திரும்பி வரும் அணியில் இருந்தபோது நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையாயிற்று. இந்தமுறை சுற்றிலும் காவல் பலமாக இருந்தது, அப்படியும் போயிற்று. அட்மிரல் பவுண்ட் 1943 அக்டோபரில் மூளைக் கட்டியால் இறந்தார். அந்த ஜூலை இரவில் அவர் தலைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இன்றுவரை சர்ச்சை செய்கிறார்கள்.

இங்கே வங்காளத்தில் இருக்கும் நமக்கு ஒரு சிறு ஒட்டுறவும் உண்டு. போர்க்காலத்தில் அன்றைய ராயல் இந்தியக் கடற்படைக்காக இதே போன்ற டிராலர்களைக் கல்கத்தாவின் கப்பல் பட்டறைகளில் கட்டினார்கள். கார்டன் ரீச் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்; கூட வரும் என் மனைவிக்கு மீன் மார்க்கெட் நினைவு வரும்.

கிராட்வெல் போருக்குப் பின் கறுப்பு அங்கிக்குத் திரும்பினார். லண்டனில் மாஜிஸ்டிரேட் ஆனார். 1963-ல் பிரிட்டிஷ் மந்திரி ஒருவரின் பதவியைக் காவு வாங்கிய புரொஃப்யூமோ விவகாரத்தில், ஸ்டீபன் வார்டு மீதான வழக்கின் ஆரம்ப விசாரணை மேரிலபோன் கோர்ட்டில் இவர் முன்னால்தான் நடந்தது. பத்திரிகைகளெல்லாம் அந்தக் கோர்ட்டை மொய்த்தன. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஒரு காலத்தில் மேஜை விரிப்பால் கப்பலை மூடியவர் என்பது அங்கே கூடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! 1969-ல் காலமானார்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது பேரனின் பள்ளிக்கூட அட்லஸை வாங்கி, கிராட்வெல் போன வழியைப் பென்சிலால் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நோவயா ஸெம்லியா என் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. மாட்டோச்கின் ஜலசந்தி ஒரு மயிரிழை. ஹோப் தீவு அதில் போடப்படவே இல்லை.